முகத்தின் பாடபேதங்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எனக்கு இட்ட கட்டளை சற்றே விந்தையானது. "கவிதையைப் பற்றிப் பேசப் பலர் இருக்கின்றனர், நீங்கள் உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் எங்களுக்கு விளங்கும்படி பேசுங்கள்" என்றனர். முகத்தையும் தாடையையும் சார்ந்த அறுவை மருத்துவம் என் தொழில். ஆகவே, முக எலும்புகளில் இயற்கை அமைத்திருக்கும் சிறு துளைகளைப் பற்றியும், அவை ஆளுக்கு ஆள் இடமும் எண்ணும் மாறி அமைவதைப் பற்றியும், அம்மாற்றத்தைக் கருதாத கத்தியால் நேரக்கூடிய இழப்பைப் பற்றியும் இன்று சில சொல்ல எண்ணுகின்றேன்.

இந்த அவைக்கு நன்கு பழகிய ஒரு சொல்லிலிருந்து தொடங்குகின்றேன். பாடபேதம் என்பது அச்சொல். டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, கிடைத்த சுவடிகளையெல்லாம் ஒப்புநோக்கினார். ஓர் ஏட்டில் ஒரு சொல். இன்னோர் ஏட்டில் வேறு சொல். தமக்குப் பொருந்தியதை மேலே அச்சிட்டார். மற்றவற்றைத் தள்ளிவிடாமல் குறித்து வைத்தார். அக்குறிப்புகள் இல்லையேல் இன்றைய ஆய்வாளர் பல இடங்களில் வழி தெரியாது நின்றிருப்பர்.

உடற்கூற்று நூலும் இவ்வாறே அமைந்தது. அதில் ஒரு முகம் பெரிய எழுத்தில் இருக்கும். ஏனைய முகங்கள் சிறிய எழுத்தில், "சிலருக்கு இவ்வாறும் அமையும்" என்ற குறிப்பில் இருக்கும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அதுவே நான் சொல்ல வந்த செய்தி. ஏட்டுச் சுவடிகளுக்குப் பின்னால் புலவர் பாடிய மூலபாடம் ஒன்று இருந்தது. முகத்துக்கு அப்படியொரு மூலபாடம் என்றுமே இருந்ததில்லை. நூலில் வரைந்துள்ள முகம் பல முகங்களிலிருந்து திரட்டிய சராசரி. அந்தச் சராசரி முகத்தோடு யாரும் மருத்துவமனைக்கு வருவதில்லை. வருகின்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாடபேதமே.

செய்திக்கு வருவோம். மனித மண்டையோட்டில் 22 எலும்புகள். அவற்றுள் முகத்துக்குரியவை 14. மூளையிலிருந்து புறப்படும் நரம்புகள் 12 இணைகள். அவற்றுள் ஐந்தாம் இணையே முகத்தின் உணர்ச்சியைச் சுமப்பது. மூன்று பெருங்கிளைகளாகப் பிரிவதால் அதனை முக்கிளை நரம்பு என்பர். மார்கழிப் பனி கன்னத்தில் படுவதும், மழைத்துளி நெற்றியில் விழுவதும், குழந்தையின் முத்தம் உதட்டில் பதிவதும் நமக்குத் தெரிவது இந்நரம்பினாலே. எலும்புக்குள் ஓடிவரும் அதன் கிளைகள் தோலை அடையச் சில வாயில்கள் வேண்டும். முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் அவ்வாறு மூன்று முதன்மை வாயில்கள் உள்ளன. கண்குழியின் மேல்விளிம்பில் ஒன்று. கண்குழிக்குக் கீழே மேல்தாடை எலும்பில் ஒன்று. கீழ்த்தாடையில் மோவாயின் பக்கத்தே ஒன்று. நேரே நோக்கும் கண்மணியின் வழியாக மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தால், மூன்று துளைகளும் ஏறத்தாழ அக்கோட்டில் அமையும் என்று மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். "ஏறத்தாழ" என்னும் அந்த ஒரு சொல்லைத்தான் இப்போது விரித்துரைக்கப் போகின்றேன்.

அன்பர்கள் தம் சுட்டுவிரலைப் புருவத்தின் அடியில், கண்குழியின் மேல்விளிம்பில் வைத்து, மூக்கின் பக்கமிருந்து வெளிப்புறமாக மெல்ல நகர்த்திப் பாருங்கள். முகத்தின் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் தொலைவில் சிலருக்கு ஒரு சிறு பள்ளம் தட்டுப்படும். சிலருக்குத் தட்டுப்படாது. தட்டுப்படாதவர்கள் கவலையுற வேண்டா. அவர்களுக்குப் பள்ளத்தின் அடியில் எலும்பு பாலம்போல் மூடி, விளிம்புக்குச் சற்று மேலே முழுத்துளை அமைந்திருக்கலாம். ஒரே மனிதருக்கு வலப்பக்கம் பள்ளமும் இடப்பக்கம் துளையுமாக இருப்பதும் உண்டு. இந்த அவையிலேயே இப்போது சிலர் அதைக் கண்டுகொண்டதாக அவர்கள் முகக்குறி சொல்கின்றது.

இவ்வேறுபாடு ஏன் தோன்றுகின்றது? எலும்பு முதலில் உருவாகிப் பின் நரம்பு அதைத் துளைத்துக்கொண்டு வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். நம் மலை ரயில்பாதையின் 16 குகைகளும் அவ்வாறுதான் ஆயின. மலை முன்பே இருந்தது, மனிதன் குடைந்தான். கருவில் நடப்பது இதற்கு நேர்மாறு. நரம்பு முதலில் தன் வழியே செல்கின்றது. எலும்பு பின்னர் வந்து அதைச் சூழ்ந்து கட்டுகின்றது. எலும்பு சூழ்வதற்கு முன்பே நரம்பு இரண்டாகப் பிரிந்திருந்தால், இரண்டு துளைகள் அமைந்துவிடும். ஆகவே கூடுதல் துளையைக் குறை என்றோ நோய் என்றோ கொள்ளுதல் பொருந்தாது. தாய் வயிற்றில் நரம்பு எந்த வழியாகச் சென்றதோ, அதன் சுவடு அது.

கண்குழிக்குக் கீழுள்ள துளையை எடுத்துக்கொள்வோம். கீழ்விளிம்பிலிருந்து பெரும்பாலும் 6 முதல் 10 மில்லிமீட்டர் கீழே அது அமையும். கீழிமை, மூக்கின் பக்கம், மேலுதடு ஆகியவற்றின் உணர்ச்சி இவ்வழியே வெளிப்படும். சிலருக்கு அருகிலேயே இரண்டாவது துளையும் உண்டு. மேலுதட்டுக் காயத்தைத் தைக்குமுன் இந்தத் துளையருகே மருந்தூசி போட்டு அப்பகுதியை மரத்துப்போகச் செய்கின்றோம். துளை இரண்டாக இருப்பின் ஓரிடத்து ஊசி போதாமல் போகலாம். நோயாளி "இன்னும் வலிக்கிறது, டாக்டர்" என்கிறார். இங்கேதான் மருத்துவரின் பண்பு சோதிக்கப்படுகின்றது. "பயத்தினால் அப்படித் தோன்றுகிறது" என்று தேற்றித் தைப்பவர் உண்டு. "உங்கள் நரம்பு வேறு வழியாகவும் வரக்கூடும்" என்று நின்று சிந்திப்பவரும் உண்டு. நோயாளியின் சொல்லை நம்புவதற்கு உடற்கூற்று நூலின் சிறிய எழுத்தே நமக்குச் சான்று தருகின்றது. அத்துளையைத் தேடி ஊசியை மேல்நோக்கி ஆழமாகச் செலுத்தினால், அது கண்குழிக்குள்ளேயே சென்றுவிடும் இடரும் உண்டு. ஆதலின் இங்கு ஒவ்வொரு மில்லிமீட்டரும் பொருட்படுத்தத் தக்கது.

அடுத்தது கீழ்த்தாடையில் உள்ள துளை. பெரும்பாலோர்க்கு இது இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லுக்குக் கீழே, அல்லது முதலிரு முன்கடைவாய்ப் பற்களுக்கு இடையே இருக்கும். சிலருக்கு முன்னோ பின்னோ தள்ளியிருக்கும். எக்ஸ்-ரே படத்தில் இது கருநிறப் புள்ளியாகத் தெரியும். பல்லின் வேர்நுனியில் சீழ் கட்டினாலும் படத்தில் அதே போன்ற கருநிறமே தெரியும். வேர்நுனியின் மேல் இத்துளையின் நிழல் விழுந்துவிட்டால், நோயற்ற பல்லை நோயுற்றது என்று கருதி வேர்ச் சிகிச்சை செய்துவிட நேரும். இன்னொன்றும் உண்டு. சிலருக்கு இந்நரம்பு துளையைத் தாண்டிச் சிறிது முன்னே சென்று, வளைந்து, பின்னோக்கி வந்து வெளியேறும். தாடை எலும்பில் செயற்கைப் பல்வேர் பதிப்போர் துளைக்கு முன்புறம் இடம் விடாமல் துளையிட்டால், அவ்வளைவு சிதைந்துபோகும்.

சிதைந்தால் என்ன நேரும் என்று கேட்கலாம். உயிருக்குக் கேடில்லை, முகத்தோற்றமும் மாறாது, கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். நம் மலையில் இதன் பொருளை எளிதில் உணரலாம். விடியற்காலைக் குளிரில் கொழுந்து பறிக்கச் செல்லுமுன் ஒரு பெண் சுடச்சுடத் தேநீர் அருந்துகின்றாள். உதட்டுக்குச் சூடு தெரியவில்லை; கொப்புளம் எழுந்த பிறகே தெரிகின்றது. சோற்றுப் பருக்கை உதட்டோரத்தில் ஒட்டியிருப்பதைப் பிறர் சொல்லக் கேட்டு நாணுகின்றாள். உதட்டைத் தானே கடித்துக்கொள்கின்றாள். மடியிலிருக்கும் பேரக் குழந்தையை முத்தமிடும்போது ஒன்றும் உணர்வதில்லை. இவையெல்லாம் எந்த மருத்துவப் பதிவேட்டிலும் பெரிய இழப்பாக எழுதப்படுவதில்லை. ஆனால் வாழ்வோர்க்கு இது நாள்தோறும் உள்ள இழப்பு.

வயதும் ஒரு பாடபேதத்தை உண்டாக்குகின்றது. பிறந்த குழந்தைக்கு இத்துளை முதல் பால் கடைவாய்ப்பல்லின் அடியில், தாடையின் கீழ்விளிம்பை ஒட்டி இருக்கும். வளர்ந்தவர்க்கு மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் நடுவே வரும். பற்களெல்லாம் விழுந்த முதுமையில் தாடையின் மேற்பகுதி கரைந்து தேய்வதால், துளை மேல்விளிம்புக்கே வந்துவிடும். துளை நகரவில்லை, மேலிருந்த எலும்பு கரைந்துவிட்டது. அப்போது பல்செட் அணிந்தால் அது நரம்பின் மீதே அமர்கின்றது. ஒவ்வொரு முறை மெல்லும்போதும் சுளீரென்று மின்சாரம் பாய்ந்தாற்போல் வலி. "பல்செட் சேரவில்லை" என்று அதனைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கஞ்சியோடு காலம் தள்ளும் மூதாட்டியர் நம் லைன் வீடுகளில் இல்லாமலில்லை. துளை இருக்கும் இடத்தைக் கண்டு, பல்செட்டின் அடியில் அவ்விடத்தை மட்டும் சற்றே குடைந்து கொடுத்தால், பலருக்குத் துன்பம் நீங்கும். பெரிய அறுவை எதுவும் வேண்டா. கண்டறியும் கண் வேண்டும்.

இனி, இம்மலைக்கே உரிய சில நிலைமைகளைச் சொல்ல வேண்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் கரடியின் நடமாட்டத்தை நாம் அறிவோம். கரடி தாக்கும்போது பெரும்பாலும் முகத்தையும் தலையையுமே பற்றுகின்றது. மலைப்பாதை விபத்துகளிலும் முகம் நொறுங்குவது உண்டு. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர், பிணங்களின் தலைகளைக் கொண்டு சோதித்து, முக எலும்புகள் உடைவதில் மூன்று முதன்மையான ஒழுங்குகள் உண்டு என்று 1901இல் காட்டினார். அவற்றுள் இரண்டாவது, கண்குழிக் கீழ்த்துளையை ஒட்டிச் செல்வது. ஆகவே இவ்வகை முறிவில் கன்னமும் மேலுதடும் மரத்துப்போதல் ஓர் அறிகுறி.

நொறுங்கிய பக்கத்தில் அடையாளங்கள் அழிந்துவிடும். அப்போது சேதமுறாத பக்கத்தைப் பார்த்து அளவெடுப்பது வழக்கம். ஆனால் இருபக்கமும் ஒன்றன் நிழல் போல் மற்றொன்று அமைவதில்லை என்பதைச் சற்றுமுன் உங்கள் விரலே உங்களுக்குச் சொல்லியிருக்கும். எனவே மறுபக்கம் வழிகாட்டலாம், ஆணையிட முடியாது. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டு முதல் நோயாளிக்கு எடுத்த சி.டி. ஸ்கேன் வளர்ந்து, இன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையைக் காட்டுகின்றது. ஆயினும் இறுதியில், தோலையும் தசையையும் மெல்ல விலக்கி, நரம்பைக் கண்ணால் கண்ட பிறகே கருவியை நகர்த்துதல் வேண்டும். அறிந்தவனும் தேடிப்பார்த்தே செல்ல வேண்டிய வழி இது.

மூக்கை இழந்தவர்க்கு நெற்றித்தோலைத் திருப்பி மூக்கமைக்கும் முறை நம் நாட்டினுடையது. போரில் திப்புவின் படையினரிடம் சிக்கி மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்னும் வண்டியோட்டிக்குப் பூனா அருகே செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் மூக்கமைத்த செய்தி, 1794இல் லண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அதைப் படித்த கார்ப்பு என்னும் ஆங்கில மருத்துவர் 1814இல் அம்முறையைக் கையாண்டார். அத்தோலை உயிரோடு வைத்திருப்பது கண்குழியின் மேல்விளிம்பருகே, மூக்கின் பக்கமாக ஏறிவரும் இரத்தக்குழாயே. அதன் இடமும் ஆளுக்கு ஆள் சற்று மாறும். அப்பூனாக் கைவினைஞர் கையில் அச்சிட்ட உடற்கூற்று நூல் இருந்திராது. தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கம் இருந்தது.

முகக்காயத்தில் இன்னோர் அச்சமும் உண்டு. குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டதற்குப் பின்னணியில், 1902இல் வெறிநாய்க் கடியால் இறந்த லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்னும் இளம்பெண்ணின் மறைவும், அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடையும் இருந்தன. வெறிநோய்க் கிருமி நரம்பின் வழியே மூளைக்குப் பயணம் செய்வது. முகத்தில் கடிபட்டால், நான் இதுவரை சொன்ன துளைகளின் வழியே செல்லும் நரம்புகளே அதற்குக் குறுக்குவழி. ஆகையால் முகக்கடியை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். தையலிடுமுன் காயத்துக்குள்ளேயே எதிர்ப்புப் புரத மருந்தைச் செலுத்த வேண்டும்; தடுப்பூசியும் தொடங்க வேண்டும். உணர்ச்சியை உள்ளே கொண்டுசெல்லும் வாயிலே நோயையும் உள்ளே கொண்டுசெல்கின்றது.

அளவெடுத்தல் பற்றி ஒரு சொல். மண்டையோட்டை அளப்பது இம்மலைக்குப் புதிதன்று. சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் அளவுக்கருவிகளோடு இங்கு வந்து தோடர், கோத்தர் மக்களின் தலைகளையும் மூக்குகளையும் அளந்து 1896இல் வெளியிட்டார். அக்காலத்தில் ரிஸ்லி போன்றோர் மூக்கின் அகலத்தைக் கொண்டு மக்களை உயர்வு தாழ்வு என வரிசைப்படுத்தவும் முற்பட்டனர். இன்று நாமும் மில்லிமீட்டர் அளவுகோலோடுதான் முகத்தை அணுகுகின்றோம். கருவி ஏறக்குறைய ஒன்றே, கேள்வி வேறு. "இவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்?" என்று அன்று கேட்டனர். "இவருடைய நரம்பு எங்கே இருக்கின்றது?" என்று நாம் கேட்கின்றோம். வெவ்வேறு நாட்டு மக்களிடையே துளைகளின் இடம் பற்றிய சராசரி சிறிது மாறுவது உண்மையே. ஆனால் ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில், ஒரே முகத்தின் இருபக்கங்களில் காணும் வேறுபாடு அதனினும் பெரிதாக இருத்தல் கூடும். ஆதலின் தோடருக்கு ஒரு துளை, படகருக்கு ஒரு துளை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவருக்கு ஒரு துளை என்று பட்டியல் வைத்துக்கொண்டு கத்தி எடுத்தால், அந்தப் பட்டியலும் நம்மை ஏமாற்றும்.

இறுதியாக, உங்களுக்குரிய துறையில் ஒரு விண்ணப்பம். மோவாய்த் துளையை ஆங்கிலத்தில் "மென்டல்" என்னும் அடைமொழியால் குறிப்பர். மோவாயைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. மனத்தைக் குறிக்கும் சொல் வேறு. இதை அறியாமல் மொழிபெயர்ப்பவர் "மனத்துளை" என்று எழுதிவிடக்கூடும். கவிதைக்கு அது அழகாக இருக்கலாம், நோயாளிக்கு ஆகாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, உடற்கூற்று நூலையும் அறுவை மருத்துவ நூலையும் தமிழில் ஆக்கினார். அமெரிக்கர் ஒருவர் தொடங்கிய பணியை நாம் முடித்துவிட்டோம் என்று சொல்ல முடியுமா?

நூலுக்கு மட்டும் சொல் வேண்டும் என்று நான் கருதவில்லை. நோயாளியின் வாயிலிருந்து வரும் சொல்லே எமக்கு முதல் ஸ்கேன். மரத்துப்போதல் வேறு, விறுவிறுத்தல் வேறு, எரிதல் வேறு, சுளீரெனல் வேறு. நரம்பு அறுபட்டதா, அழுந்தியதா, மீண்டும் துளிர்க்கின்றதா என்பதற்கு இச்சொற்களின் வேறுபாடு எமக்குக் குறிப்புத் தருகின்றது. எல்லாவற்றையும் "வலி" என்ற ஒரே சொல்லில் எழுதிவிட்டால், அந்தப் பாடபேதங்கள் அனைத்தும் அழிந்துபோகும். 2022 முதல் உதகையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. மண்டையோட்டைக் கையில் ஏந்தி இத்துளைகளை எண்ணும் இளைஞர்கள் இப்போது நம் மலையிலேயே இருக்கின்றனர். நம் மக்கள் வலிக்கு வழங்கும் சொற்களைத் தமிழிலும் படகிலும் ஏனைய மலைமொழிகளிலும் தொகுத்து அவ்விளைஞர்களிடம் தருவது, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம் மேற்கொள்ளத்தக்க பணி என்பது என் கருத்து. மருத்துவர் தனித்துச் செய்ய இயலாதது அது. சொல்லின் நுட்பம் அறிந்த நீங்கள் உடனிருந்தால் இயலும்.

ஒரு முகத்தைப் பார்த்து மற்றொரு முகத்துக்குக் கத்தி வைத்தல் ஆகாது என்பதையே இதுவரை பல வகையாகச் சொன்னேன்.